பக்கம் ஏன் திறக்கவில்லை? செஞ்சி முற்றுகை முதல் என் சர்வர் வரை

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணினி. "இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறானே" என்று நினைக்காதீர்கள். கடைசி வரை பொறுமையாகப் படித்தால் ஏன் என்று புரியும். (பொறுமையைப் பற்றித்தான் கட்டுரையே!)

எங்கள் ஊர் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், அவற்றைச் சுற்றி ஒரு கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ மராத்தியக் கோட்டைகளின் தொகுப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது எங்கள் கோட்டை மட்டும்தான்.

சில மாதங்களுக்கு முன்பு, கல்லூரி புராஜெக்டுக்காக நானும் என் கூட்டாளியும் ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருந்தோம். அமெரிக்காவில் இருக்கும் ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்திருந்தோம். டேட்டாபேஸுக்கு அங்கேயே இன்னொரு சின்ன சர்வர். என் மடிக்கணினியில் ஓட்டினால் பக்கம் கண் இமைப்பதற்குள் திறக்கும். அதே பக்கம் சர்வரில் 7 நொடி. ரிவியூவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. டேட்டாபேஸ் பகுதியை எழுதியது கூட்டாளி. "உன் கோடுதான் மெதுவா ஓடுது, ஒழுங்கா எழுதத் தெரியாதா?" என்று போனில் கத்திவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மெசேஜுக்கும் பதில் இல்லை. அப்பாவிடம் காசு கேட்டு, இரண்டு மடங்கு வாடகைக்குப் பெரிய சர்வர் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

நல்லவேளை, அப்பா உடனே காசு தரவில்லை. அன்று சாயங்காலம் கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தபோது, பள்ளியில் படித்த ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது.

1692: பதில் வராத பாசறை

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை, ஏறக்குறைய எட்டு வருடம் இழுத்தது. ஔரங்கசீப் இருந்ததோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தக்காணத்தில். உத்தரவு, பணம், செய்தி எல்லாம் அங்கிருந்துதான் குதிரையிலும் ஆள் மூலமும் வரவேண்டும். இன்றைய மொழியில் சொன்னால், சர்வர் தக்காணத்தில், பயனர் செஞ்சியில்!

1692-ன் கடைசியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் படையோடு வந்து சேர்ந்தார்கள். முகலாயப் பாசறைக்கு வரும் வழிகள் அடைபட்டன. செய்தி நின்றுபோனது. பாதுஷா இறந்துவிட்டார் என்று பாசறையில் வதந்தி கிளம்பியது. அங்கே இருந்த ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ் ரகசியமாக ராஜாராமோடு பேச்சு வைத்துக்கொண்டான். இது தெரிந்ததும் சுல்பிகர் கானும் அவன் தந்தை அசத் கானும் இளவரசனையே கைது செய்தார்கள். 1693 தொடக்கத்தில் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள்.

ஆனால் பாதுஷா சாகவில்லை. 1707 வரை இருந்தார். செத்தது பாதுஷா இல்லை, தபால்.

பதில் வரவில்லை என்பது ஒரே ஒரு விஷயம். அதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆள் தூரத்தில் இருக்கலாம், வழியில் நெரிசல் இருக்கலாம், யாரோ எதற்கோ காத்துக்கொண்டிருக்கலாம், உண்மையிலேயே ஆள் இல்லாமலும் போயிருக்கலாம். எது என்று பார்க்காமல் நாமே ஒன்றை முடிவு செய்தால் ஆபத்து. கம்பி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கிய பிறகும் மனிதர்கள் இதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். மூன்று சம்பவம் சொல்கிறேன்.

1858: அதிக வோல்ட் கொடுத்தால் சரியாகுமா?

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார். மொத்தம் 98 வார்த்தை. அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது!

ஏன் இவ்வளவு மெது? வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கடலடிக் கேபிளில் ஒவ்வொரு துடிப்பும் போகப்போகப் பரவி மங்கிவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். எனவே தடிமனான செப்புக் கம்பி வேண்டும், மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி வேண்டும் என்றார். ஆனால் கேபிள் கம்பெனியின் மின் பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. சிக்னல் மங்கலாக இருக்கிறதா, அழுத்தத்தைக் கூட்டு என்று சுமார் 2000 வோல்ட் வரை கொடுத்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் சில வாரங்களில் செத்துப்போனது.

1866-ல் தாம்சன் வழியில் செய்த புதிய கேபிள் நிமிடத்துக்கு 8 வார்த்தை கொண்டுபோனது. 1870-71-ல் நம் சென்னையிலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போய்விட்டது.

வைட்ஹவுஸைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே நின்றுவிட்டது. பக்கம் மெதுவாக இருக்கிறது என்பதற்காகப் பெரிய சர்வர் வாங்கக் காசு கேட்டவன் நான். அதுவும் 2000 வோல்ட் வேலைதானே?

1986: ஒரு தெரு தூரம், 800 மடங்கு மெது

தூரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த கதை. 1986 அக்டோபர், கலிபோர்னியா. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இடையே 400 கஜம்தான். நடந்தால் ஐந்து நிமிடம். இந்த இரண்டுக்கும் நடுவே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. 800 மடங்கு!

கேபிள் அறுபடவில்லை. கணினிகளும் சரியாகத்தான் இருந்தன. வான் ஜேக்கப்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் நோண்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கணினி, கொஞ்சம் தாமதமானதும் "தொலைந்துவிட்டது" என்று முடிவு கட்டி மறுபடி அனுப்புகிறது. உண்மையில் அது தொலையவில்லை, வழியில் வரிசையில் நிற்கிறது. இப்போது வரிசையில் இரண்டு பிரதிகள். எல்லாக் கணினியும் இதையே செய்தால்?

பௌர்ணமி அன்று கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகும் கூட்டத்தை எங்கள் ஊர்ச் சாலையில் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பஸ் வரவில்லையே என்று ஆளாளுக்கு ஒரு கார் பிடித்தால், வரவேண்டிய பஸ்ஸும் அந்தக் கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

ஜேக்கப்ஸனும் மைக்கேல் கேரல்ஸும் செய்த மாற்றம் 1988-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே இரு, அதற்கேற்பக் காத்திரு. தொடக்கத்தில் கொஞ்சமாக அனுப்பு, பதில் வர வர இரட்டிப்பாக்கு. பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை. இன்றைக்கும் இணையம் நெரிசலில் மூச்சுத் திணறாமல் ஓடுவதற்கு அடிப்படை இந்த யோசனைதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 2013-க்குப் பிறகு வந்த விதிப்படி, புதிய இணைப்பில் முதல் தவணையாக 10 பாக்கெட், அதாவது சுமார் 14 கே.பி. போகலாம். பதில் வந்த பிறகு 28, பிறகு 56. ஆக 100 கே.பி. பக்கம் வந்து சேர மூன்று தடவை போய்வர வேண்டும். சர்வர் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு தவணையும் நீளும். அதனால்தான் எவ்வளவு வேகமான பிராட்பேண்ட் போட்டாலும் தூரத்துப் பக்கம் தூரத்துப் பக்கமாகவே இருக்கிறது.

ஓசை எழுப்பிக் கேட்பது

சரி, எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு இரண்டு கருவிகள் கிட்டத்தட்ட அதே காலத்தில் பிறந்தவை.

முதலாவது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், தன் நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே இரவில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்த ஓசையின் பெயரையே வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்கும், பதில் வர ஆன நேரத்தைச் சொல்லும். அவ்வளவுதான்.

இரண்டாவது டிரேஸ்ரூட். 1987-ல் அதே வான் ஜேக்கப்ஸன் எழுதியது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் "இத்தனை திசைவிகளைத் தாண்டலாம்" என்று ஒரு எண் இருக்கும். எண் தீர்ந்தால், அந்த இடத்துத் திசைவி "தீர்ந்துவிட்டது" என்று திருப்பிச் சொல்லும். டிரேஸ்ரூட் முதலில் 1, பிறகு 2, பிறகு 3 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், வழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். 1692-ல் சுல்பிகர் கானிடம் இது இருந்திருந்தால் எந்தச் சாவடி வரை தபால் வந்தது என்று தெரிந்திருக்கும்!

நம் பக்கத்துக் கதை

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலம். முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. போன் வழியாக நொடிக்கு 9.6 கிலோபிட். 60 கே.பி. படம் ஒன்று இறங்க 50 நொடி. அந்தக் காலத்து மெதுவுக்குக் காரணம் தூரம் இல்லை, குழாய் குறுகல்.

புவிநிலைச் செயற்கைக்கோள் இணைப்பு என்றால் கதை வேறு. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்க 72,000, பதில் ஏறி இறங்க இன்னொரு 72,000. ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் அது குறையாது.

2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கேபிள் வந்தது, சுமார் 3,200 கிலோமீட்டர். 2004-ல் டாடா இண்டிகாம் கேபிள், 2005-ல் சீ-மீ-வீ 4. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக சிங்கப்பூர் போய்வர வெறும் 32 மில்லி நொடி.

இன்னொரு வேடிக்கை. சென்னையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேறு கம்பெனி இணைப்பு வைத்திருந்தால், ஒருவர் அனுப்பும் தகவல் வெளிநாடு போய்த் திரும்பி வந்த காலம் உண்டு. உள்நாட்டுக் கம்பெனிகள் இங்கேயே தகவலை மாற்றிக்கொள்ள 2003-ல் நிக்ஸி என்ற அமைப்பு வந்தது. இங்கே மெதுவுக்குக் காரணம் கம்பியும் இல்லை, கணினியும் இல்லை. இரண்டு பேர் கைகுலுக்காததுதான்.

2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்கள் சேதமடைந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்புத் திறனில் பாதியளவு போனது. ஆனாலும் இணையம் சாகவில்லை. சிங்கப்பூர் வழியாகச் சுற்றிப் போனது, மெதுவாக. தங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு, கோளாறு மத்தியதரைக் கடலின் அடியில் இருந்தது தெரிந்திருக்காது.

பக்கத்துக்குள்ளேயே இருக்கும் தாமதம்

வழி சரியாக இருந்தாலும் பக்கம் மெதுவாகலாம். தொடக்ககால வலையில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக இணைப்பு ஏற்படுத்த வேண்டும். ஒரு கடைக்குப் போய் உப்பு வாங்கி வீட்டுக்கு வந்து, மறுபடி போய்ப் புளி வாங்குவது மாதிரி. 1997-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 ஒரே இணைப்பில் பலவற்றையும் வாங்க வழி செய்தது.

அப்பாச்சி சர்வரில் இன்னொரு பழக்கம் இருந்தது. 1.3 பதிப்புக்கு முன்பு, பக்கம் கேட்டு வருகிற ஒவ்வொருவரின் எண்ணையும் டி.என்.எஸ்.ஸில் தேடி "நீ எந்த ஊர்?" என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதும். அந்தப் பதில் வரும்வரை பக்கம் நிற்கும். பிறகு அதைத் தானாகச் செய்யாதபடி மாற்றிவிட்டார்கள்.

2007-ல் யாஹூவில் இருந்த ஸ்டீவ் சௌடர்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம், சர்வர் பக்கத்தைத் தயாரித்து அனுப்பிய பிறகு படம், ஸ்கிரிப்ட் எல்லாம் வந்து சேருவதில்தான் போகிறது என்று அளந்து காட்டினார். அதுவரை பலர் சர்வரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் 7 நொடி

இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஒன்றையுமே அளக்கவில்லை. யூகித்தேன், கத்தினேன், காசு கேட்டேன். வைட்ஹவுஸ், சுல்பிகர் கான் எல்லோரும் சேர்ந்த கலவையாக இருந்தேன்.

அன்று ராத்திரி அளந்தேன். பிங் 240 மில்லி நொடி காட்டியது. செஞ்சியிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை கிட்டத்தட்ட 13,500 கிலோமீட்டர். நேர்கோட்டில் கண்ணாடி இழை போட்டாலே போய்வர 135 மில்லி நொடி ஆகும். கேபிள் சுற்றிப் போகிறது, ஆக 240 நியாயமான எண். தூரத்தின் மேல் குற்றமில்லை.

அடுத்து கர்ல் கட்டளையில் நேரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பெயர் தேட 30 மில்லி நொடி. இணைப்புக்கு ஒரு தடவை போய்வர வேண்டும், பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை. மொத்தம் முக்கால் நொடி வரவேண்டும். ஆனால் முதல் எழுத்து வந்ததோ 5.8 நொடியில். படங்கள் இறங்க மீதி ஒரு நொடிக்கு மேல்.

எங்கோ 5 நொடி தொலைகிறது. பத்து தடவை ஓட்டினேன். பத்து தடவையும் அதே 5. அங்கேதான் பொறி தட்டியது. தூரம் இப்படி முழு எண்ணில் வராது. நெரிசல் என்றால் ஒரு தடவை 3, ஒரு தடவை 9 என்று ஆடும். மெதுவான கோடும் கொஞ்சமாவது மாறும். அச்சடித்த மாதிரி 5 வந்தால், யாரோ ஒரு மனிதர் "5 நொடி காத்திரு" என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறார்!

சர்வருக்குள் நுழைந்து, கூட்டாளி எழுதிய கேள்விகளைத் தனியாக ஓட்டினேன். எல்லாம் சேர்த்து 50 மில்லி நொடிகூட இல்லை. அவன் கோடு சுத்தம். டேட்டாபேஸ் சர்வரின் பெயரைத் தேடிப் பார்த்தேன். 5 நொடி!

லினக்ஸில் பெயர் தேடும் சர்வர்களின் எண்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதுவோம். முதல் சர்வர் பதில் தராவிட்டால், வழக்கமாக 5 நொடி காத்திருந்து அடுத்ததைக் கேட்கும். எங்கள் கோப்பில் முதல் எண் எப்போதோ செத்துப்போன ஒன்று. ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது டேட்டாபேஸின் பெயரைத் தேட வேண்டும். தேடும்போதெல்லாம் செத்தவரிடம் ஒரு கேள்வி, 5 நொடி மௌனம், பிறகு அடுத்தவரிடம். என் மடிக்கணினியில் டேட்டாபேஸ் உள்ளேயே இருந்ததால் இந்தத் தேடலே இல்லை.

அந்த வரியை எழுதியது யார்? நான்தான். சர்வர் அமைத்த அன்று, பழைய புராஜெக்ட் ஒன்றின் கோப்பிலிருந்து யோசிக்காமல் காப்பி அடித்தது.

ஒரு வரியை அழித்தேன். பக்கம் 2 நொடியில் திறந்தது. பெரிய சர்வர் தேவைப்படவில்லை. அப்பாவின் காசு தப்பித்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கூட்டாளி ஊருக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு நாளா ஏன்டா பதிலே இல்ல? கோபமா?" என்றேன். போன் தண்ணீரில் விழுந்து கடையில் கிடந்ததாம். நான் அனுப்பிய ஒரு மெசேஜையும் அவன் பார்க்கவே இல்லை. நானோ அந்த மௌனத்தைக் கோபம் என்று படித்து, ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தேன். (போனில் நான் கத்தியதற்கு மட்டும் ஒரு குட்டு வைத்தான். அது நியாயம்தான்.)

ரிவியூ நல்லபடியாக முடிந்தது. உங்கள் பக்கம் அடுத்த முறை மெதுவாகத் திறந்தால் யாரையும் திட்டுவதற்கு முன்னால் நேரத்தைத் துண்டு துண்டாக அளந்து பாருங்கள். எண் எப்போதும் ஒரே மாதிரி இருந்து, தூரத்தோடு பொருந்தினால் அது தூரம். ஏறி இறங்கினால் நெரிசலாக இருக்கலாம். அச்சடித்த மாதிரி முழு எண்ணாக இருந்தால் யாரோ யாருக்கோ காத்திருக்கிறார்கள், பெரும்பாலும் வராத ஒருவருக்காக.

செஞ்சிப் பக்கம் வந்தால் ராஜகிரி உச்சிக்கு ஏறிப் பாருங்கள். வந்தவாசிப் பக்கமாகப் பார்த்து, பாதுஷா உயிரோடு இருக்கும்போதே மூட்டை கட்டிக்கொண்டு போன அந்தப் படையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.